சட்டம் தொடாத துவக்கு

ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வேட்டைத் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி வழியே விழும் காலை வெயிலில், மேசைமேல் மூன்று துவக்குகள் மினுங்குகின்றன. கடையில் வேலை செய்யும் மிதுசா நான்காவதை எடுத்து வைக்கிறாள். போன மாதம் வேட்டை உரிமம் எடுத்த ஆனந்தராசா, விலைச்சீட்டுக்கூடப் பிய்க்காத பச்சைத் தொப்பியோடு, அதை ஒரு விரலால் தள்ளிவிடுகிறார். "இதையும் ஒருநாள் தடை செய்வினமோ, பிள்ளை?" அரைமணி நேரமாக இதே கேள்விதான். தானியங்கி வேண்டாமாம், கறுப்புப் பிளாஸ்டிக் பிடியும் வேண்டாமாம்; அவற்றைத்தான் முதலில் தடை செய்வார்களாம். வேட்டைக்குப் போய், காயப்பட்ட மானைத் தேடிச் சேற்றில் மணிக்கணக்காகத் தவழ்ந்தவள் மிதுசா. இந்த மனிதரோ பாரத்தைக் கேட்கவில்லை, தோளில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒற்றைத் தோட்டா மட்டும் கொள்ளும் மரப்பிடித் துவக்கை அவள் அலட்சியமாக நீட்டுகிறாள். "இதைக் கடைசியாத்தான் தடை செய்வினம், அங்கிள்." அவர் முகம் மலர்கிறது. "அப்ப இதையே தாங்கோ." "என்னத்தைச் சுடப்போறியள்?" அவர் விழிக்கிறார். "சுடுறதோ? அது இரும்புப் பெட்டியில கிடக்கட்டும். ஒருத்தரும் பறிக்க ஏலாது எண்டால் போதும்." மிதுசா துவக்கை அவர் கையிலிருந்து வாங்கிச் சுவர்த் தாங்கியில் மாட்டி, சங்கிலியைப் பூட்டுகிறாள். "அப்ப பெட்டியை மட்டும் வாங்குங்கோ, அங்கிள். அதை ஒருத்தரும் தடை செய்யமாட்டினம்."