ஊறுகாய் பாட்டில் மைலேஜ்

பரந்தாமனை ஏமாற்றியவன் மெக்கானிக் வினோத். ஏமாற்றியது ஒரு முழ ரப்பர் குழாயை வைத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பரந்தாமனின் பைக்கைத் துடைக்கும்போதுதான் சௌம்யா அதைக் கண்டுபிடித்தாள்.

ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு. தண்ணீரில் கரண்ட் விட்டால் காஸ் வரும். அதை எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் மிச்சம். யாரோ போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்து, அம்மாவின் எவர்சில்வர் தட்டு இரண்டை வெட்டி, ஊறுகாய் பாட்டிலில் சமையல் சோடா கரைத்து, அப்பாவே செய்த காஸ் செல். வண்டியில் மாட்டித் தந்தது வினோத். "மைலேஜ் எப்படி ஏறியிருக்கு பார்த்தீங்களா?" என்று நூம்பல் ஊர் முழுக்க அப்பா தண்டோரா போடாத குறை.

ஆனால் பாட்டிலிலிருந்து கிளம்பிய குழாய் எஞ்சினுக்குப் போகவே இல்லை. பின்சக்கரத்துக்கு மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அதே வண்டியில் கரையான்சாவடியில் இருக்கும் வினோத்தின் ஷெட்டுக்குப் பறந்தாள்.

"இன்னா பாப்பா, காலங்காத்தால..."

"பாப்பா கீப்பான்னு கூப்பிடாதீங்க. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிறேன். அந்த செல்லுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?"

"பேட்டரிலேர்ந்து."

"பேட்டரிக்கு?"

"எஞ்சின் ஓடுனா சார்ஜ் ஆவும்."

"எஞ்சின் எதுல ஓடுது? பெட்ரோல்ல! பெட்ரோலை எரிச்சு பெட்ரோலை மிச்சம் பண்றீங்களா? அந்த லட்சணத்துல குழாயையும் மாட்டலை. எங்கப்பாவைப் பார்த்தா கேனையன் மாதிரி இருக்கா?"

வினோத் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அது வெடிக்கிற காஸு. உள்ள உட்டு எதுனா ஆயிட்டா? அதான் வெளிய உட்டேன்."

"அதை அவர்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன? 'நீ சயின்டிஸ்ட்டு அண்ணாத்தே'ன்னு உசுப்பேத்திவிட்டிருக்கீங்க! பொய் பொய்தான். இன்னைக்கே அப்பாகிட்ட போட்டு உடைக்கிறேன்."

"ஒடை. அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கோ. 'நாப்பதைத் தாண்டுனா பாட்டிலு வெடிச்சிரும்'னு அவராண்ட சொல்லிக்கீறேன்."

சௌம்யாவுக்குச் சட்டென்று உறைத்தது. நாற்பதில் ஓட்டினால் எந்த வண்டியும்தான் மைலேஜ் கொடுக்கும். இதில் தண்ணீருக்கு என்ன வேலை? கோபம் இன்னும் ஏறியது.

"அவர் மெதுவா போனா உங்களுக்கென்ன வந்துது?"

வினோத் ஷெட்டின் மூலையைக் காட்டினான். வளைந்த ஹேண்டில்பார். நசுங்கிய ஹெட்லைட்.

"எல்லாம் உங்கப்பா வண்டிதுதான். ஷிப்டுக்கு லேட்டுன்னு பைபாஸ்ல எண்பதுல போயி ரெண்டு வாட்டி உழுந்தாரு. ரெண்டாவது வாட்டி லாரி டயராண்ட. ஊட்ல சொல்லக்கூடாதுன்னு என் கைல சத்தியம் வாங்கிகினாரு. மெதுவா போன்னு சொன்னா கேக்கற ஆளா அவரு? அவரு செஞ்ச பாட்டில ஒடைக்க மட்டும் அவருக்கு மனசு வராது."

கம்பெனி பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொல்லி அப்பா கட்டுப்போட்டுக்கொண்டு வந்த கை அவள் கண்முன் வந்து நின்றது.

திரும்பி வரும்போதும் கோபம் தணியவில்லை. ஆள்தான் மாறியிருந்தது. சத்தியம் வாங்கினாராம், சத்தியம்! நறுக்கென்று நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

அப்பா வாசலிலேயே காத்திருந்தார். கையில் இன்னொரு ஊறுகாய் பாட்டில், கழுவித் துடைத்துப் பளபளவென்று.

"குழாயை இழுத்துப் பார்த்துட்டு வண்டியோட ஓடினியாமே, அம்மா சொன்னா. வினோத்தைக் கேட்டியா? நீதான் கெமிஸ்ட்ரியாச்சே, சொல்லு. என் செல் தேறுமா தேறாதா?"

பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் முகம். சௌம்யா அவரை முறைத்துப் பார்த்தாள்.

"நானே கணக்குப் போட்டுட்டேன்ப்பா. அவர் சொன்ன நாற்பது தப்பு. முப்பத்தஞ்சைத் தாண்டினாலே வெடிச்சிடும்."