அவிழாத முடிச்சு

2024 பிப்ரவரி 11, ஞாயிறு காலை, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அருகே இருபது மீட்டர் பாறையின் உச்சியிலிருந்து வெற்றிவேல் விழுந்து இறந்தான். அவன் இடுப்புப் பட்டையில் கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது நண்பன் ஜோஸ்வா பேச்சுக் கொடுத்தான். முடிச்சு பாதியில் நின்றது; ஏறி முடித்து இறங்கக் கயிற்றில் சாய்ந்ததும் அது உருவிக்கொண்டது. ஏறுமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்ப்பது வழக்கம். அன்று ஜோஸ்வா பார்க்கவில்லை.

அந்தப் பாறைக்கு அதிகம் பேர் வருவதில்லை. ஓராண்டு கழித்து ஜோஸ்வா தன் அக்கா டயானாவுடன் போனான். அதே வழியில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டால் தூக்கம் வரும் என்று நினைத்தான்.

"இன்னாடா, காலு இப்பவே ஆடுது?" என்றாள் டயானா, உச்சி வளையத்தின் வழியே வந்த கயிற்றின் மறுமுனையைக் கீழே பிடித்தபடி.

"நீ கயித்த புடிச்சிக்கினு தூங்காம இரு, போதும்."

சிரித்துக்கொண்டே ஏறினான்.

உச்சியில், இறங்குவதற்காகக் கயிற்றில் சாயப்போகும்போதுதான் நினைவு வந்தது. கயிற்றைப் பட்டைக்குள் நுழைத்ததோடு சரி, முடிச்சுப் போடவில்லை. குனிந்து பார்த்தான். முடிச்சு இருந்தது. மிஞ்சிய நுனி இடப்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. இடக்கைக்காரனான வெற்றிவேல் மட்டும்தான் அப்படிச் சுற்றுவான். 'வளையல் போட்டுட்டான்' என்று ஜோஸ்வா கேலி செய்வான்.

கீழே வந்ததும், "நீ போட்டியாக்கா?" என்று கேட்டான்.

"நான் எங்கடா போட்டேன்? நீ போட்டிருப்பன்னு தொட்டுக்கூடப் பாக்கல."

முடிச்சு அவிழவில்லை. ஒரு முழம் விட்டு டயானா கயிற்றை அறுத்தாள். கள்ளக்குறிச்சி வரை பேருந்தில் ஜோஸ்வா இடுப்புப் பட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.