பக்கத்தில் படுப்பவர்

டாக்டரம்மா கணவரின் குறட்டையைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், அவள் மடை திறந்தாற்போலக் கொட்டத் தொடங்கினாள்.

இத்தனை வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி அது.

ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம். பிளந்த வாய். வாயோரம் வழிந்து தலையணையில் மஞ்சளாய்க் காயும் எச்சில். அந்த உறையைத் துவைக்கப் போடும்போது இரண்டு விரலால் மட்டும் பிடித்துத் தூக்குவதைக்கூடச் சொன்னாள்.

அவள் கணவர் பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். பஸ்ஸில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இங்கே பெட்டிப் பாம்பாய் அடங்கிக் கிடந்தார்.

அதே கம்பெனியில் இன்னொரு டிரைவர், ஓட்டும்போதே கண்ணயர்ந்து பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சுவரில் செருகிவிட்டார். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதிலிருந்து டிரைவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வாட்சைக் கொடுத்து, தூங்கும்போது கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று விடிய விடிய அது அளந்துகொண்டே இருக்கும். இவருடைய அளவைப் பார்த்த கம்பெனி டாக்டரம்மா, பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

அவளுக்கு வர மனமே இல்லை. எழும்போதே தலை விண்விண்ணென்று தெறித்தது. அது தினப்படிக் கதை. உடம்பு அடித்துப் போட்டாற்போல இருக்கும், யாரைக் கண்டாலும் எரிந்து விழத் தோன்றும். இந்த மனுஷன் பக்கத்தில் படுத்தால் வேறு எப்படி இருக்கும் என்பாள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். தூங்குகிறவருக்கு அந்தக் கோடு தொண்ணூற்றைந்தை ஒட்டிச் சமமாகப் போகவேண்டுமாம். இதுவோ ரம்பப் பல் மாதிரி இருந்தது. இறங்குவதும் ஏறுவதுமாக, சில இடங்களில் எண்பதுக்கும் கீழே.

எப்போதோ ஒரு தடவை இறங்கினால் வாட்ச் தளர்ந்திருக்கும், கை உடம்புக்கடியில் சிக்கியிருக்கும் என்று விட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா. இது அப்படியில்லை. ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னாலும் நாடித்துடிப்பு எகிறுகிறது. தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது, மூளை பதறிப்போய் உசுப்பிவிடுகிறது, அது தூங்குகிறவருக்கே தெரிவதில்லை. எல்லா ராத்திரியும் இதே பாடு. ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்கவைத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும். ஆனால் இதை இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆகாது என்றார்.

பிறகு அவருக்குத் தைரியமும் சொன்னார். மூக்கில் மாட்டிக்கொள்ள மெஷின் இருக்கிறது. சரியானதும் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம், அதுவரைக்கும் டிப்போவில் உட்கார்ந்து வேலை. பிழைப்புக்கு ஒரு குறையும் வராது.

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்கூட அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தடித்த கழுத்து. அதன் மடிப்பில் மினுங்கும் வியர்வை. இனி மூக்கில் குழாயோடு வேறு வந்து படுப்பாராம். அதில் ஒழுகுவதையும் நான்தான் கழுவவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பரிதாபப்பட வேண்டிய நேரம் என்று தெரியாமல் இல்லை. மனசுக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

எழுந்ததும் தலைவலி உண்டா என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார். அவருக்கென்ன கேடு, தலைவலியெல்லாம் எனக்குத்தான் என்று அவள் முந்திக்கொண்டாள். வாய் வறண்டு போகிறதா? அதுவும் எனக்குத்தான். மூச்சு முட்டி எழுந்து உட்கார்வதுண்டா?

விடிகிற நேரத்தில் யாரோ கழுத்தை நெரிப்பது மாதிரி கனவு வந்து நான்தான் எழுந்து உட்காருகிறேன், இந்த மனுஷன் கல்லு மாதிரி கிடப்பார் என்றாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

கணவர் சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். ஏறி இறங்கும் அவள் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சீ, இடம் பொருள் தெரியாத ஜென்மம் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார்.

"என் பேர எழுதாதீங்க டாக்டர்." கணவர் கையை நீட்டித் தடுத்தார். "அந்த வாட்சை நான் கட்டவே இல்ல. என் குறட்டையப் பாத்தா வண்டியப் புடுங்கிருவாங்கன்னு பயம். இவ தூங்கினப்புறம் தெனமும் இவ கையிலதான் கட்டிவிட்டேன். விடியறதுக்குள்ள கழட்டிருவேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு மெஷினோடு தப்பியிருப்பார். ஏமாற்றிய டிரைவரைக் கம்பெனி ஒரு நாளும் வைத்துக்கொள்ளாது. அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும்.

"சத்தமே இல்லாம தூங்குவா டாக்டர்," என்றார். "நல்லாத் தூங்குறான்னு நெனச்சேன்."

பிசுபிசுத்த அந்த விரல்கள் தினம் தினம் தன் கையைத் தூக்கி வார்ப்பட்டையை மாட்டியிருக்கின்றன என்பதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது. மணிக்கட்டை மடியில் வைத்து அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மா தன் நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.