மயிலாப்பூரில் குளோரின் பூஜ்யம்

மயிலாப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரின் சரியாகவே இருக்கிறது என்று மஹ்விஷுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கம்ப்யூட்டரில் 'பூஜ்யம்' என்று தட்டினாள்.

"ம்... அனுப்பும்மா" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த நல்லசிவம். அடையாறு பகுதி அதிகாரி. குடிநீர்த் தரத்தைக் கண்காணிக்கும் அந்த சிஸ்டம் உருப்படியானதா என்று பார்த்து அறிக்கை எழுதத்தான் தி.நகர் ஆபீசுக்கு வந்திருந்தார்.

"தண்ணி கெட்டுப்போச்சுன்னு பொய்யா ஒரு தகவல் போட்டாச்சு. உங்க சிஸ்டம் மயிலாப்பூர் அதிகாரியை உசுப்புதா, அவன் பதில் சொல்றானான்னு பாப்போம். பத்து நிமிஷம். இல்லேன்னா இழுத்து மூடிட வேண்டியதுதான்."

மூடினால் மஹ்விஷின் வேலையும் போய்விடும்.

நல்லசிவத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். முகத்தைச் சுளித்து கட் பண்ணினார்.

"லோன் வேணுமான்னு கேக்கவே ஒரு கூட்டம் அலையுது. எங்க விட்டேன்? ஆங்... எங்க அடையாறுல முன்னாடி ஒரு நோட்டு, ஒரு பேனா. இந்தத் தொல்லையே கிடையாது."

இன்னும் இரண்டு முறை அடித்தது. இரண்டு முறையும் கட். மஹ்விஷ் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு மனசுக்குள் துஆ கேட்டாள். அந்த மயிலாப்பூர் மனுஷன் ஒரு வார்த்தை பதில் சொன்னால் என்ன?

பத்து நிமிடம் முடிந்தது. நல்லசிவத்துக்கு ஏக குஷி.

"ஃபெயில்! யாரும்மா அந்தத் தூங்குமூஞ்சி?"

"மயிலாப்பூர் சார் மெடிக்கல் லீவு சார். திங்கக்கிழமைலேர்ந்து வேற ஒருத்தருக்குக் கூடுதல் பொறுப்பு. அவர் நம்பரை ஹெட் ஆபீஸ்லயே சிஸ்டத்துல ஏத்திட்டாங்க. சிஸ்டம் அதுக்குத்தான் போன் பண்ணும்."

"ஆர்டரைப் படிக்காமலே கையெழுத்து போட்டு வாங்கியிருப்பான்! நம்பரைப் போடு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

மஹ்விஷ் கம்ப்யூட்டரில் பெயரைத் தேடி எடுத்தாள். பார்த்ததும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆபீஸ் போனில் நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

நல்லசிவத்தின் சட்டைப் பை மறுபடியும் அலறியது.

"சனியன், லோன்காரன் விட மாட்டேங்கறான்" என்று விரலை நீட்டினார்.

"கட் பண்ணாதீங்க சார், இந்த வாட்டி நான்தான்."