பச்சை சூப்புக்குப் பத்து நிமிஷம்

"மாடுகூட இதை மென்னுதான் தின்னும். எங்கப்பாவுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. அரைச்சு ஊத்தறே!"

சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள் கலெக்டர். உத்தியோகம் ஒன்றும் கிடையாது. பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அலமாரியைத் திறந்து, ஜன்னல் தூசியை விரலால் தொட்டுப் பார்த்து, நாலு குறை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள் என்பதால் தம்பி வைத்த பேர்.

தம்பி மனைவி வெந்த கீரையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிப் போட்டாத்தான் பச்சை மாறாம இருக்கும், அண்ணி. பழுப்பா இருந்தா மாமா கிண்ணத்தைத் தள்ளி வெச்சிடுவார்."

"நிறத்தைப் பார்த்தா வயிறு நிறையுமா? காலையில குடுத்தியே ஒண்ணு, சுவத்துல பூசினா ஒரு கோட்டிங் பெயிண்ட் மிச்சம். அவ்வளவு கெட்டி!"

"தண்ணியா இருந்தா புரையேறிடும். அதுக்குத்தான் பீன்ஸ், பட்டாணியோட ஒரு உருளைக்கிழங்கும் சேர்க்கறேன்."

"உப்பு?"

"கொஞ்சம்தான். டாக்டர் குறைக்கச் சொன்னார். மிளகு போட்டிருக்கேன்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கே, அம்மாடி."

அப்பா முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் குரல் கேட்டால் ஓடுகிற ஜனமும் ஒரு நிமிஷம் நின்று காது கொடுக்கும். நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டன. பேச்சுதான் திரும்பவில்லை.

'பாப்பா' என்றே கூப்பிட்டுப் பழகிய மகளிடம் நேற்று அவள் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. வெறும் தலையசைப்பு. வந்ததும் வராததுமாக அவள் ஒரு பாதாம்பருப்பை அவர் வாயில் போட்டாள். மெல்ல முடியாமல் அவர் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். அப்பா ரசித்துச் சாப்பிடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கலெக்டர் கூடத்துக்கு வந்து தம்பியைப் பிடித்தாள். அவன் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்தினான்.

"சூப் அரைக்க எவ்வளவு நேரமாகும்டா?"

"ரெண்டு நிமிஷம் ஆகுமா இருக்கும்."

"நேத்து சாயங்காலம் பத்து நிமிஷம் மிக்ஸி ஓடிச்சு. இன்னிக்குக் காலையிலயும் பத்து நிமிஷம். கடிகாரம் பார்த்து வெச்சிருக்கேன். அவ கீரையை அரைக்கிறாளா, கருங்கல்லை அரைக்கிறாளா?"

பேப்பர் இன்னும் ஒரு சாண் உயர்ந்தது.

"அதுவும் அப்பாவைப் பக்கத்துல நிறுத்தி வெச்சுக்கிட்டு! பேசிப் பேசித்தான் பேச்சு வரும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? அவர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து உன் பெண்டாட்டி மிக்ஸியைப் போடறா. அப்புறம் எங்கேர்ந்து வரும் பேச்சு?"

"அக்கா, மெதுவா..."

"எதுக்கு மெதுவா? மூணு மணிக்குக் கார் வருது. போன வாரமே போன்ல சொன்னபடி அப்பா என்கூட வர்றார். எங்க வீட்டுல அறை ஒழிச்சாச்சு. தெரு முழுக்கச் சொல்லியும் ஆச்சு."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"அவரால பதில் சொல்ல முடிஞ்சா கேட்க மாட்டேனா?"

தம்பி மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டான்.

அந்த நேரம் அப்பா தன் அறையிலிருந்து வந்தார். சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து, யாரையும் பார்க்காமல் சமையலறைக்குள் நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது. மிக்ஸி அலறத் தொடங்கியது.

இரண்டு நிமிஷம் போயிற்று. ஐந்து நிமிஷம் போயிற்று. சத்தம் நின்றபாடில்லை.

"பார்த்தியா? உன் பெண்டாட்டி சாமர்த்தியத்தைப் பார்த்தியா?"

"அக்கா, வேண்டாம். உள்ளே போகாதே..."

அவன் எழுவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பட்டென்று சுவிட்சை அணைத்தாள்.

சூப் எப்போதோ வடிகட்டிக் கிண்ணத்தில் இருந்தது. ஜாரில் வெறும் தண்ணீர் சுற்றி அடங்கிக்கொண்டிருந்தது. அப்பா மருமகளின் காதருகே குனிந்திருந்தார். சத்தம் நின்றதை அவர் உணர்வதற்குள், ஒவ்வொரு சொல்லும் பாரம் தூக்குகிற மாதிரி, உரத்து வெளியே வந்துவிட்டது:

"நா...ன்... வரலை. இங்...கயே... இருக்...கேன். கோ...விச்சுக்காதே... பாப்பா."

அதற்குப் பிறகுதான் மகளைப் பார்த்தார். திருடி மாட்டிக்கொண்டவர்போல வாயைப் பொத்திக்கொண்டார்.

கலெக்டருக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் நாக்கு அடங்கவில்லை.

"இது... நீ சொல்லிக்கொடுத்ததா?"

தம்பி மனைவி கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்து, மாமாவின் இரண்டு கைக்குள்ளும் வைத்தாள்.

"குழறுறது யார் காதுலயும் விழக்கூடாதாம், அண்ணி. மிக்ஸி ஓடினாத்தான் வாயைத் திறக்கறார். உங்க போன் வந்த நாள்லேர்ந்து, உங்ககிட்ட சொல்றதுக்காக இதைத்தான் சொல்லிப் பழகறார்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

"'வரலை'ங்கறது அவர் சொன்னது. 'கோவிச்சுக்காதே பாப்பா'ங்கறதை மட்டும் நான்தான் சேர்த்துக்கச் சொன்னேன்."