இடம் மாறிய வலந்தலை

ஒரு மிருதங்கத்துக்கு இரண்டு முகம். கறுப்புப் பொட்டு வைத்த முகம் வலந்தலை. ரவை அப்பிய மறுமுகம் தொப்பி. வலந்தலைக்குக் கர்வம் தலைக்கேறியிருந்தது. "நான் சோத்துக்கை தொடுற முகம்டி! நீ நொட்டாங்கைக்கு வாக்கப்பட்டவ" என்று தொப்பியிடம் தினமும் பீற்றிக்கொள்ளும்.

ஒரு நாள் வாசிக்க வந்த செண்பகவல்லிக்கு இடக்கைப் பழக்கம். மிருதங்கத்தை அப்படியே திருப்பி மடியில் வைத்தாள்.

"ஐயோ, நொட்டாங்கைப் பக்கமா? என் மானமே போச்சு!" என்று வலந்தலை அலறியது. அவள் விரல் விழுந்ததும் அந்த அலறலே கணீரென்று நாதமாகக் கிளம்பியது. சபை எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் வழக்கமான வித்வான் வந்து மிருதங்கத்தைப் பழையபடி திருப்பினார்.

வலந்தலை முகம் சுளித்தது. "ஏன்டி, இவருக்கு வெறும் சோத்துக்கைதானா?"