காற்றின் கண்

முதியோர் இல்லத்துக்கு வந்த அன்றே வேலாயுதம் ஜன்னலோரக் கட்டிலுக்காகச் சண்டை போட்டார். கண் தெரியாத ஆளுக்கு ஜன்னல் எதற்கு என்று அவர் கேட்டது நியாயமாகவே பட்டதால் வார்டனும் தலையாட்டிவிட்டார். அதுவரை அந்தக் கட்டிலில் இருந்தவர், காலமெல்லாம் இங்கிலீஷ் பாடம் நடத்திய தேவசகாயம். தலையணையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி உள்பக்கக் கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் மத்தியானம் வேலாயுதத்துக்கே மனசு கேட்கவில்லை. "சார், தப்பா எடுத்துக்கலையே?" என்றார்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல. விண்டோன்னு சொல்றோமே, அது ரொம்பப் பழைய சொல்லு. காத்து, கண்ணு, இந்த ரெண்டையும் சேர்த்துக் கட்டினது. காத்தோட கண்ணு. அப்ப கண்ணாடி ஏது? செவுத்துல ஒரு ஓட்டைதான்." தேவசகாயம் சிரித்தார். "என்னால அதைப் பாக்க முடியாது. அதுதான் இவ்வளவு நாளா என்னைப் பாத்துக்கிட்டு இருந்தது. இனி உங்களைப் பாக்கட்டும்."

வேலாயுதம் திரும்பி வெளியே பார்த்தார். பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் ஒழுகும் ஒரு குழாயும்தான் தெரிந்தன. இதற்கா அவ்வளவு சண்டை? எங்கோ ஒரு வேப்பமரம் சலசலத்தது. காற்று வரும் சத்தம் கேட்டதும் அவர் கட்டிலைவிட்டு எழுந்தார். வாசலில் விருந்தாளியைக் கண்டவர்போலச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

எதிர்க் கட்டிலில் தேவசகாயத்தின் முகம் மெல்ல நிமிர்ந்தது.